டார்க் வாட்டர் (2002): கூரை ஒழுக்கு, 405ஆம் எண் வீடு, அந்த முடிவு. பார்த்தவர்கள் பேசுங்கள்

இரவுக்காட்சி கேட்டது:

படம் பார்த்தவர்களுக்கான இழை இது. முடிவு வரைக்கும் எல்லாவற்றையும் பேச வேண்டியிருக்கிறது, பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஹிதேயோ நகாதா இயக்கிய ஜப்பானியப் படம். விவாகரத்து வழக்கில் இருக்கும் யோஷிமி, பாலர் பள்ளிக்குப் போகும் மகள் இகுகோவைக் கூட்டிக்கொண்டு பழைய அடுக்குமாடி ஒன்றில் 305ஆம் எண் வீட்டுக்கு வாடகைக்கு வருகிறாள். கூரையில் ஈரக்கறை, நாளுக்கு நாள் பெருத்துச் சொட்டுகிறது. நேர் மேலே 405, ஆள் இல்லாத வீடு. மொட்டைமாடியில் கிடைத்த குழந்தைகளின் சிவப்புக் கைப்பை, தூக்கிப் போட்டாலும் திரும்ப அங்கேயே வந்து கிடக்கிறது. மஞ்சள் மழைக்கோட்டோடு காணாமல் போன மிட்சுகோ என்ற சிறுமி. கடைசியில் எல்லாம் போய் நிற்பது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில்.

பேய்ப்படங்களில் எனக்கு இது மேல்தட்டு. ஆனால் நண்பர்கள் வட்டத்தில் சண்டை ஓயவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

முதலாவது, எல்லோரும் கேட்பது: வீடு சரியில்லை என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. காலி செய்துவிட்டுப் போனால் என்ன? இது திரைக்கதை ஓட்டையா?

இரண்டாவது, அந்த ஒழுக்கு. கட்டட வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: நிஜத்தில் ஒரு கான்கிரீட் கட்டடம் இப்படி ஒழுகுமா, சினிமாவுக்காக ஊதியதா?

மூன்றாவது, லிஃப்டில் அவள் "நான்தான் உன் அம்மா" என்று பேயைக் கட்டிக்கொள்வது. அதற்குப் பிறகு வரும் "பத்து வருடம் கழித்து" பகுதி தேவையா? நான்காவது, 2005 ஹாலிவுட் மறுஆக்கம் பார்க்கத் தகுமா?

லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டல் தொட்டியில் பெண்ணின் உடல் கிடைத்த நிஜச் சம்பவத்தைத்தான் படமாக எடுத்தார்கள் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். அதுவும் உண்மையா?

---

கிழக்குக்கரை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், அது சுலபம். சிசில் ஹோட்டல் சம்பவம் 2013 பிப்ரவரி. படம் வந்தது 2002 ஜனவரி. படத்துக்கு மூலமான கோஜி சுசுகியின் சிறுகதை இருக்கும் தொகுப்பு 1996ல் வந்தது. பதினேழு வருடம் முன்னால் எழுதியவருக்கு அந்தச் சம்பவம் எப்படித் தெரியும்? லிஃப்ட் கேமரா, கூரைத் தொட்டி, தண்ணீரின் ருசி மாறியது என்று சில ஒற்றுமைகள் இருப்பதால் வீடியோ போடுகிறவர்கள் முடிச்சுப் போடுகிறார்கள். இறந்துபோன ஒரு பெண்ணை வைத்துப் பார்வை எண்ணிக்கை ஏற்றுவது எனக்குப் பிடிக்காத வேலை. அந்தப் பேச்சை இந்த இழையில் இத்தோடு விடலாம்.

---

யோகொஹாமா வாசகி:

"காலி செய்துவிட்டுப் போகலாமே" என்ற கேள்விக்கு. இது ஓட்டை இல்லை. படத்தின் எலும்பே அதுதான். ஜப்பானின் சட்டமும் வாடகை வழக்கமும் தெரிந்தால் அவள் எப்படிக் கட்டுண்டு கிடக்கிறாள் என்பது புரியும்.

முதலில் குழந்தை. ஜப்பானியக் குடிமைச் சட்டப்படி அப்போது விவாகரத்துக்குப் பின் குழந்தையின் பொறுப்பு ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. தாய் அல்லது தகப்பன், இருவருக்கும் சேர்த்துக் கிடையாது. 2024 மே மாதம்தான் நாடாளுமன்றம் அதைத் திருத்தி, இருவரும் சேர்ந்து பொறுப்பேற்க வழி செய்தது. படம் நடக்கும் காலத்தில் தோற்றவருக்கு அந்தப் பொறுப்பில் பங்கு எதுவும் மிஞ்சாது. வழக்கு மன்றத்துக்குப் போவதற்கு முன் குடும்ப நீதிமன்றத்தில் சமரசப் பேச்சு நடந்தே ஆக வேண்டும். படத் தொடக்கத்தில் அவள் ஒரு மேசைக்கு முன் உட்கார்ந்து பதில் சொல்லித் தடுமாறுவது அந்தப் பேச்சில்தான். முன்பு அவளுக்கு மனநலச் சிக்கல் இருந்ததைக் கணவன் தரப்பு அங்கே எடுத்து வைக்கிறது. இந்த நிலையில் "கூரையில் பேய் இருக்கிறது, வீடு மாற்றுகிறேன்" என்று அவள் யாரிடம் சொல்வாள்? சொன்ன அன்றே மகள் போய்விடுவாள். நிலையான வீடு, நிலையான வேலை, இந்த இரண்டைக் காட்டத்தான் அவள் 305ஐயே பிடித்தாள்.

அடுத்து பணம். டோக்கியோ வட்டாரத்தில் அந்தக் காலத்தில் வீடு மாற ஆகும் செலவைக் கூட்டிப் பாருங்கள். வைப்புத்தொகை இரண்டு மாத வாடகை. வீட்டுக்காரருக்கு நன்றிப்பணம் என்று திரும்பி வராத தொகை, அதுவும் ஒன்றிரண்டு மாத வாடகை. தரகருக்கு ஒரு மாத வாடகை வரை. முதல் மாத வாடகை முன்கூட்டியே. ஆக ஐந்தாறு மாத வாடகையை ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும். போதாததற்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். பிழைதிருத்துநராக இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த, தனியாக வாழும் தாய்க்கு மறுபடி ஒருமுறை இதெல்லாம் எங்கிருந்து வரும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜப்பானில் கொலை, தற்கொலை நடந்த வீடு என்றால் அதற்குத் தனிப்பெயரே உண்டு, வாடகையும் குறையும். தரகர் அதை வாடகைக்கு வருகிறவரிடம் சொல்ல வேண்டும். 2021ல் நிலம், போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல் வாடகை வீடுகளுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் என்று ஒரு கால அளவும் வைத்தது. ஆனால் மிட்சுகோ "காணாமல் போனவள்". செத்தாள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. தரகர் மறைத்தார் என்று கூடச் சொல்ல முடியாது, அவர் சொல்ல வேண்டியது ஒன்றுமே இல்லை. ஒரு குழந்தை செத்ததே பதிவாகவில்லை என்பதுதான் இந்தக் கதையின் கொடூரம் என்று நான் நினைக்கிறேன்.

---

சைட் இன்ஜினியர் பாண்டி:

இரண்டாவது கேள்வி நம்ம ஏரியா. நீளமாத்தான் எழுதணும், பொறுத்துக்கங்க.

ஒழுக்கு நிஜமா? கறை நூத்துக்கு நூறு நிஜம். தண்ணி அளவுதான் சினிமா.

கறையிலிருந்து ஆரம்பிப்போம். நடுவுல வெளிறி, ஓரத்துல மட்டும் பழுப்பா வளையம் வளையமா இருக்கே, அது தப்பில்லாம பண்ணியிருக்காங்க. சீலிங் பலகை ஈரத்தை உறிஞ்சும்போது தூசி, உப்பு, காகிதத்தோட சாயம் எல்லாம் கரைஞ்சு ஓரத்துக்குப் போகும். ஈரம் ஓரத்துலதான் முதல்ல காயும், கரைஞ்சதை அங்கேயே விட்டுட்டுப் போகும். மறுபடி நனைஞ்சா இன்னொரு வளையம் வெளியில விழும். எத்தனை வளையமோ அத்தனை தடவை நனைஞ்சு காய்ஞ்சிருக்குன்னு ஏறக்குறைய சொல்லலாம். கறை பெருசாகுதுன்னா மூலம் இன்னும் அடைபடலைன்னு அர்த்தம்.

ரெண்டாவது, பழைய ஜப்பானியக் கட்டடங்கள்ல மேல்வீட்டு டிரெயின் பைப் (கழிவுநீர்க் குழாய்) ஸ்லாபை (கான்கிரீட் தளத்தை) துளைச்சுக் கீழ்வீட்டுச் சீலிங்குக்கு உள்ளே ஓடும். அதாவது மேல்வீட்டுக்காரரோட கழிவு உங்க தலைக்கு மேலேயே ஓடுது, ஆனா பைப்பைத் தொடணும்னா உங்க வீட்டு சீலிங்கைத்தான் உடைக்கணும். யாரு சரி பண்ணணும், யாரு காசு தரணும்னு இழுபறி வர்றது இதனாலதான். மேனேஜர் "பார்க்கிறேன், பார்க்கிறேன்"ன்னு தட்டிக் கழிக்கிறது திரைக்கதைக்காகப் பண்ணினது இல்லை. அப்படித்தான் நடக்கும்.

இப்போ 405க்குள்ள போவோம். குழாய் திறந்து கிடக்கு, தரையெல்லாம் தண்ணி. கணக்கு போடலாம். முழுசாத் திறந்த ஒரு குழாய் நிமிஷத்துக்கு 10 லிட்டர்னு வச்சுக்கங்க. ஒரு நாளைக்கு 14,400 லிட்டர். மாசத்துக்கு 430 கனமீட்டருக்கு மேல. ஒரு சின்னக் குடும்பம் மாசத்துக்குச் செலவழிக்கிறது 20 கனமீட்டர்கிட்டதான். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு இருபது வீட்டுத் தண்ணி போகுதுன்னா மீட்டர் காட்டும், பில் காட்டும், பம்ப் ஓயாம ஓடுற கரண்ட் பில்லும் காட்டும். அதை யாரும் பார்க்கலைன்னா அந்தக் கட்டடத்தை யாருமே நிர்வாகம் பண்ணலைன்னு அர்த்தம். பேயை விட எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு.

தரையில தேங்கினா என்ன ஆகும்? 40 சதுர மீட்டர் வீட்டுல ஒரு சென்டிமீட்டர் உயரம் நிக்க 400 லிட்டர் போதும், நாப்பது நிமிஷம். அதுக்கப்புறம் வாசற்கதவு இடுக்கு வழியா நடைபாதைக்கு வந்துடும். அதனால கணுக்காலுக்கு மேல தண்ணி நிக்கிறது கஷ்டம். எடை தாங்குமான்னு சிலர் கேப்பாங்க. தாங்கும். ஜப்பான்ல குடியிருப்புத் தரையை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 180 கிலோ தாங்குற மாதிரி கணக்கு போடுறாங்க. 10 சென்டிமீட்டர் தண்ணி 100 கிலோ. இடியாது. ஆனா பாத்ரூம் தவிர மத்த அறைகள்ல நீர்ப்புகாப் பூச்சு கிடையாது. பைப்புக்காகப் போட்ட ஓட்டை, வயர் போற குழாய், ஸ்லாபும் சுவரும் சேர்ற மூலை, எங்க இடைவெளி இருக்கோ அங்கெல்லாம் இறங்கும். அதான் கீழே சில இடத்துல சொட்டு, சில இடத்துல ஊத்து. சரியாத்தான் காட்டியிருக்காங்க.

---

ஒளி ஓவியன்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். முடிவைப் பற்றிப் பேசுவதற்கு முன், நகாதா எப்படிப் பயத்தைக் கட்டுகிறார் என்று பார்க்க வேண்டும். முடிவு அதிலிருந்துதான் வருகிறது.

அவர் பேயைக் காட்டுவதற்கு முன்னால் நமக்குக் கட்டடத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். நுழைவாயில், காவலாளி அறை, அங்கே லிஃப்டின் உட்புறத்தைக் காட்டும் சிறிய திரை, லிஃப்ட், நீண்ட நடைபாதை, 305, நேர் மேலே 405, அதற்கும் மேலே மொட்டைமாடி, அங்கே தொட்டி. இந்த வரிசை மனதில் பதிந்த பிறகு "மேலே" என்ற திசையே ஆபத்தாகிவிடுகிறது. தண்ணீர் மேலிருந்து கீழே வருகிறது. தாய் கீழிருந்து மேலே போகிறாள். லிஃப்ட் இந்த இரண்டையும் சந்திக்க வைக்கும் பெட்டி. கடைசிக் காட்சி லிஃப்டில் நடப்பது வேறு எங்கும் நடந்திருக்க முடியாது.

ஒளிப்பதிவு ஜுனிசிரோ ஹயாஷி. 1998ல் நகாதாவின் 'ரிங்'குக்கும் அவர்தான். இங்கே நிறங்களைப் பாருங்கள்: சுவர், வானம், தரை, முகங்கள் எல்லாம் சாம்பலும் வெளிறிய பச்சையுமாக வடிந்து கிடக்கின்றன. அழுத்தமான நிறங்கள் இரண்டுதான். பையின் சிவப்பு, மழைக்கோட்டின் மஞ்சள். அதனால் சட்டகத்தின் எந்த மூலையில் ஒரு மஞ்சள் துணுக்கு தெரிந்தாலும் கண் அங்கே ஓடிவிடுகிறது. இசையால் திடுக்கிட வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கென்ஜி கவாயின் பின்னணி இசை பல இடங்களில் ஒதுங்கிக்கொண்டு மழைச் சத்தத்துக்கு வழிவிடுகிறது.

அந்தச் சிறுமியை முழுதாகக் காட்டாமல் வைத்திருப்பதும் முக்கியம். கேமராத் திரையின் புள்ளிப்புள்ளியான படம், நனைந்து வெளுத்த காணவில்லை சுவரொட்டி, தூரத்து நடைபாதையின் முனை. ஒவ்வொரு முறையும் பார்ப்பவர் கண்ணைச் சுருக்கித் தேட வேண்டியிருக்கிறது. தேடிக் கண்டுபிடித்ததால் அது நம்முடைய பயமாகிறது. எனக்கு உள்ள ஒரே குறை, லிஃப்டில் அழுகிய முகத்தை அவ்வளவு வெளிச்சமாகக் காட்டியிருக்க வேண்டாம். அதுவரை காத்த கட்டுப்பாடு அந்தச் சில நொடிகளில் தளர்ந்துவிடுகிறது.

இப்போது முடிவு. படம் எங்கே தொடங்குகிறது? மழை நாளில் பாலர் பள்ளியில், எல்லாக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போன பிறகும் அம்மாவுக்காகக் காத்திருக்கும் சிறுமி யோஷிமி. பிறகு வேலை முடிந்து ஓடிவரும் அம்மாவுக்காக இகுகோ அப்படியே காத்திருக்கிறாள். மிட்சுகோவும் தாய் விட்டுப் போன பிள்ளை, அதே பள்ளியில் படித்தவள். ஆக மூன்று பெண் குழந்தைகள், ஒரே காத்திருப்பு. கையில் தூக்கிக்கொண்டு ஓடியது தன் மகளை இல்லை என்று, இகுகோ வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் யோஷிமிக்குத் தெரிகிறது. பேயை விரட்ட மந்திரமோ பூசாரியோ இந்தப் படத்தில் கிடையாது. அந்தக் குழந்தைக்கு வேண்டியது ஓர் அம்மா. அதை அவள் கொடுத்தால்தான் மகள் பிழைப்பாள். "நான்தான் உன் அம்மா" என்பது சரணாகதி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. தாய் வராமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அறிந்த ஒருத்தியால் மட்டும்தான் அந்தப் பொய்யை அந்தக் குழந்தை நம்பும்படி சொல்ல முடியும்.

விலை என்னவென்றால், மாடிப்படியில் ஏறி ஓடிவரும் இகுகோவின் முன்னால் லிஃப்ட் கதவு திறக்கிறது, பழுப்புத் தண்ணீர் பாய்ந்து வெளியேறுகிறது, உள்ளே யாரும் இல்லை. ஒரு குழந்தையின் காத்திருப்பைத் தீர்க்கப் போய், பெற்ற குழந்தையை அந்த வரிசையில் நிறுத்திவிடுகிறாள்.

---

வடசென்னை வாசு:

காத்திருப்பு வரைக்கும் சரி அண்ணே, ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் பத்து வருஷம் கழிச்சு வர்ற பகுதி வேண்டாத வால். லிஃப்ட்ல தண்ணி பாய்ஞ்சதோட எழுத்து போட்டிருந்தா மனசுல கல்லு மாதிரி உக்காந்திருக்கும். அதுக்கப்புறம் பெரிய பொண்ணா வந்து, பாழடைஞ்ச கட்டடத்துல 305 மட்டும் சுத்தமா இருக்கிறதும், அம்மா உக்காந்து பேசுறதும் பயத்தைக் கரைச்சு அழுகையா மாத்திடுது.

நடுவுல பை திரும்பத் திரும்ப வர்றதும் ஒரு தடவை அதிகம். மூணாவது முறை பார்க்கும்போது யாருக்கும் திக்குனு இல்லை. 'யாவரும் நலம்' பாருங்க, 2009, விக்ரம் குமார். அதுவும் புது ஃபிளாட்டுக்குக் குடிபோற கதைதான். லிஃப்ட் அவருக்கு மட்டும் வேலை செய்யாது, பால் திரியும், சாமி படத்துக்கு ஆணி இறங்காது, மதியம் ஒரு மணிக்கு டிவி சீரியல். ஒவ்வொரு குறியும் வேற வேற, ஒவ்வொண்ணும் கதையை ஒரு அடி நகர்த்தும். டார்க் வாட்டர்ல ஒரே குறி, தண்ணி. அதை வச்சு 101 நிமிஷம் ஓட்டும்போது இழுவை தெரியுது.

---

ஒளி ஓவியன்:

வாசு, ஒப்பீடு நல்லது, ஆனால் இரண்டும் வேறு வகை. 'யாவரும் நலம்' ஒரு புதிர். யார் கொன்றது, ஏன் கொன்றது என்று அவிழ்க்க வேண்டும், அதனால் குறிகள் மாறிக்கொண்டே வர வேண்டும். பி.சி. ஸ்ரீராமின் கேமராவும் அந்த வீட்டுக்குள் துப்பு தேடிக்கொண்டேதான் அலையும். டார்க் வாட்டரில் புதிர் கிடையாது. தொட்டியில் என்ன இருக்கிறது என்று பாதிப் படத்திலேயே பெரும்பாலோர் ஊகித்துவிடுவார்கள், இயக்குநருக்கும் அது தெரியும். ஒரே தண்ணீர் கறையாகி, சொட்டாகி, குழாயில் முடியோடு வந்து, குளியல்தொட்டியில் பொங்குவதுதான் நடை. நீங்கள் சொன்ன பை விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன். ஒரு காட்சியைக் குறைத்திருக்கலாம்.

கடைசிப் பகுதி வேண்டும். அது இல்லாவிட்டால் யோஷிமி செய்த காரியம் வீரச்செயலாக மட்டும் முடிந்துவிடும். "நானும் இங்கேயே இருக்கிறேனே" என்று மகள் கேட்க, தாய் மறுக்க வேண்டியிருக்கிறது. ஏன் என்று மகளுக்கு விளங்கவில்லை. அவளுக்குப் பின்னால் யார் நிற்கிறது என்பதைத் தாய் மட்டும் பார்க்கிறாள். மகள் திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை, மறுபடி திரும்பினால் அம்மாவும் இல்லை. சுசுகியின் சிறுகதையில் இந்தத் தியாகமே கிடையாது. படத்துக்காகச் சேர்த்தது. சேர்த்ததால்தான் இதை இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

---

திரைத்தேனீ:

மறுஆக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2005, வால்டர் சாலஸ் இயக்கம், ஜெனிஃபர் கானலி நடிப்பு. நான் அதற்காக வாதாட வந்திருக்கிறேன்.

நியூயார்க்கில் ஈஸ்ட் ரிவர் நடுவில் இருக்கும் ரூஸ்வெல்ட் தீவுக்குக் கதையைக் கொண்டுபோனது நல்ல முடிவு. நான்கு பக்கமும் தண்ணீர், எதிரே மன்ஹாட்டன், போய்வரக் கம்பிவடத்தில் தொங்கும் டிராம், எழுபதுகளின் கான்கிரீட் அடுக்குமாடிகள். வாடகை குறைவு என்பதற்காக ஒருத்தி அங்கே வந்து சேர்வதை நம்ப முடிகிறது. 305 இங்கே 9எஃப், 405 இங்கே 10எஃப். வீட்டுத் தரகராக ஜான் சி. ரைலி, பராமரிப்பாளராக பீட் போஸ்ட்லெத்வெயிட், வழக்கறிஞராக டிம் ராத். இந்த மூவரும் நடிக்கும் காட்சிகள் அசலைவிடச் செழிப்பு. இரண்டு அறையை மூன்றாகப் பேசிக் காட்டும் ரைலியின் தரகர் எல்லா ஊரிலும் உண்டு.

ஆனால் ஒரு மாற்றம் கதையின் நடுவையே நகர்த்திவிட்டது. மறுஆக்கத்தில் பராமரிப்பாளருக்குத் தொட்டியில் உடல் இருப்பது முன்பே தெரியும். அதனால்தான் தண்ணீர் வேலையைத் தள்ளிப்போடுகிறார், கடைசியில் கைதாகிறார். குழந்தையின் பெற்றோர், மற்றவரிடம் பிள்ளை இருக்கிறது என்று நினைத்து ஆளுக்கொரு திசையில் போய்விட்டவர்கள். இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு குற்றவாளியும் ஒரு விளக்கமும் கிடைத்துவிடுகிறது. ஜப்பானியப் படத்தில் யாரும் கொலைகாரன் இல்லை, ஆளாளுக்குக் கொஞ்சம் அசட்டை. அதுதான் நெஞ்சை அடைக்கிறது.

முடிவிலும் வேறுபாடு. மறுஆக்கத்தில் தாய் இறந்த பிறகும் லிஃப்டில் மகளின் தலையைப் பின்னிவிட்டு, எப்போதும் உன்னோடு இருப்பேன் என்கிறாள். அசலில் அந்த ஆறுதல் கிடையாது. முதலில் அசல், சில நாள் விட்டு மறுஆக்கம் என்ற வரிசையில் பாருங்கள். மாற்றிப் பார்த்தால் அசலின் முடிவு உங்களைத் தொடாது.

---

இரவுக்காட்சி:

எல்லோருக்கும் நன்றி. வாடகைக் கணக்கைப் பார்த்த பிறகு முதல் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பாண்டி சார், இன்னும் இரண்டு சந்தேகம். தொட்டியைக் கடைசியாகச் சுத்தம் செய்த தேதியும் மிட்சுகோ காணாமல் போன தேதியும் ஒன்று என்று யோஷிமி கண்டுபிடிக்கும் இடம். மூடி திறந்திருந்த நாளில் குழந்தை பைக்காக எட்டி உள்ளே விழுந்துவிட்டாள், பிறகு மூடிவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு தொட்டியைத் திறக்காமலேயே இருக்க முடியுமா? அப்புறம், படத்தில் வருகிற மாதிரிக் கறை வந்தால் நிஜத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

---

சைட் இன்ஜினியர் பாண்டி:

சட்டப்படி முடியாது. நடைமுறையில முடியும், அதான் சோகம்.

அங்கேயும் அமைப்பு நம்ம ஊர் சம்ப், ஓவர்ஹெட் டேங்க் மாதிரிதான். தெருக் குழாய்லேர்ந்து கீழ்த்தொட்டி, அங்கேர்ந்து பம்ப், மொட்டைமாடித் தொட்டி, அப்புறம் புவியீர்ப்புல வீடுகளுக்கு. ஜப்பான்ல 10 கனமீட்டருக்கு மேல கொள்ளளவு உள்ள இந்த மாதிரி தொட்டிகளை வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணணும், பதிவு பெற்ற அமைப்பை வச்சு வருஷத்துக்கு ஒரு தடவை சோதனையும் பண்ணணும். உள்ளே இறங்க 60 சென்டிமீட்டர் விட்டமாவது உள்ள வாய், அதுக்குப் பூட்டுப் போடுற மூடி. தொட்டியைச் சுத்தி 60 சென்டிமீட்டர், மேல ஒரு மீட்டர் இடம் விட்டு, ஆறு பக்கமும் ஆள் பார்க்கிற மாதிரி வைக்கணும். இவ்வளவும் எழுத்துல இருக்கு. அந்த மேனேஜர் ரெண்டு வருஷமா இதுல ஒண்ணுமே செய்யலை.

தப்பு நடந்தது எங்கேன்னு கேட்டா, சுத்தம் பண்ணின அன்னைக்கே. மூடி திறந்திருக்கும்போது ஒரு ஆள் மேலேயே நிக்கணும். மொட்டைமாடிக் கதவைப் பூட்டணும், ஏணிக்குத் தடுப்பு போடணும். மூடுறதுக்கு முன்னாடி உள்ளே டார்ச் அடிச்சு ஒரு தடவை பார்க்கணும். பார்த்திருந்தா படமே கிடையாது. நம்ம ஊர்ல டேங்க் கழுவுற நாள்லயும் இதே நாலு விஷயத்தைச் செய்யுங்க. சின்டெக்ஸ் மூடியைக் கயிறு போட்டுக் கட்டி விடுறது பூட்டு இல்லை.

குடியிருந்தவங்களுக்கு எப்படித் தெரியாம போச்சுன்னா, கட்டடத்துல பாதி வீடு காலி. தண்ணி செலவு குறைஞ்சா தொட்டியிலேயே தேங்கிக் கிடக்கும், குளோரின் போயிடும். ஜப்பான்ல குழாய் வாயில லிட்டருக்கு 0.1 மில்லிகிராமாவது எஞ்சின குளோரின் இருக்கணும்னு விதி. அது இல்லைன்னா முதல்ல வாடை மாறும், அப்புறம் நிறம். யோஷிமி ஒரு மடக்கு குடிச்சிட்டு முகம் சுளிக்கிறது அதான். அந்த இடத்துலேயே தண்ணி மாதிரியை எடுத்து சுகாதார நிலையத்துக்குக் கொடுத்திருந்தா, மேனேஜரால தட்டிக் கழிச்சிருக்க முடியாது.

இப்போ கறை. முதல் வேலை, கறைக்குப் பக்கத்துல லைட், ஃபேன் இருந்தா அந்த சர்க்யூட் எம்சிபியை (மெயின் போர்டுல இருக்கிற சுவிட்சை) இறக்குங்க. பலகை தொப்பை போட்டிருந்தா அடியில பக்கெட் வச்சு, ஆணியால சின்ன ஓட்டை போட்டுத் தண்ணியை வடிச்சுடுங்க. இல்லைன்னா ஒட்டுமொத்தமாத் தலையில விழும். அப்புறம் கறையோட ஓரத்துல பென்சில் கோடு போட்டு தேதி, மணி எழுதுங்க. வளர்ற நேரத்தை வச்சே பாதி தெரிஞ்சுடும். நாள் பூரா ஒரே சீரா சொட்டினா பிரஷர் இருக்கிற நல்ல தண்ணி லைன். மேல யாராவது குளிச்சா, துவைச்சா மட்டும் சொட்டினா டிரெயின். மழை பெஞ்சு சில மணி நேரம் கழிச்சு வந்தா மொட்டைமாடி, இல்லை வெளிச்சுவர் விரிசல்.

நல்ல தண்ணி லைன்னு சந்தேகம்னா, மேல்வீட்டுக் குழாய் எல்லாத்தையும் மூடிட்டு மீட்டரை முப்பது நிமிஷம் பாருங்க. முள் நகர்ந்தா லைன்ல ஓட்டை. டிரெயின்னு சந்தேகம்னா, மேல்வீட்டு பாத்ரூம் நானி ட்ராப்ல (தரையில தண்ணி வடியிற வாய்) சாயம் கலந்த தண்ணி ஊத்திட்டுக் கீழே காத்திருங்க. பாத்ரூம் தரைதான்னு தோணினா ட்ராப்பை அடைச்சு 25லேர்ந்து 50 மில்லிமீட்டர் தண்ணி கட்டி 24 மணி நேரம் விடணும். 48 விட்டா இன்னும் நல்லது. இதெல்லாம் முடிஞ்சு காரணம் தெரியிறதுக்கு முன்னாடி கறை மேல பெயின்ட் அடிக்காதீங்க. அதே இடத்துல மறுபடி பூத்துக்கிட்டு வரும், அப்படியே விட்டா நாளடைவுல கம்பி துருப்பிடிச்சு ஸ்லாப் அடியில கான்கிரீட் உரிய ஆரம்பிச்சுடும்.

---

வடசென்னை வாசு:

பாண்டி சார், டேங்க் மூடி விஷயத்தை எங்க அசோசியேஷன் குரூப்புக்கு அனுப்புறேன். படத்தையும் மறுபடி பார்க்கப் போறேன், கடைசிப் பகுதிக்காக. எந்தப் பிரதி நல்லா இருக்கும்?

---

ஒளி ஓவியன்:

ஆரோ வீடியோ 2016ல் வெளியிட்ட ப்ளூரே நன்றாக இருக்கிறது. ஜப்பானிய ஒலியும் சப்டைட்டிலும் வைத்துப் பாருங்கள். டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும், நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' அமைப்பையும் அணைத்துவிடுங்கள். விவிட் இருந்தால் அந்தச் சாம்பல் சுவர்கள் நீலமாகி, மஞ்சள் கோட்டின் வேலையே போய்விடும். விளக்கை அணையுங்கள், திரையின் வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள். ஹெட்ஃபோன் போட்டால் மேல்வீட்டில் ஓடும் காலடிச் சத்தத்தையும் தெளிவாகக் கேட்கலாம்.